ரவுசுக்காரக் கோல்கீப்பரும் ஓர் எழுத்துப் பிழையும்

போரில் மாண்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். நல்ல பிள்ளை, இளம் வயது, அபாரத் திறமை, போர் வந்தது, போய்விட்டான், ஐயோ பாவம். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும். அந்த மனிதன் எப்படிச் சிரித்தான், எதற்கு அடம் பிடித்தான், யாரைக் கடுப்பேற்றினான் என்பதெல்லாம் காணாமல் போய்விடும். சில சமயம் அவன் பெயரே கூடக் காணாமல் போய்விடும்.

இன்று நான் எழுத வந்திருப்பது அப்படிப் பெயர் மாறிப்போன ஒருவரைப் பற்றி. லீ ரிச்மண்ட் ரூஸ். 1900-க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் மிகப் பிரபலமாக இருந்த கோல்கீப்பர். ஆள் வேல்ஸ் நாட்டுக்காரர். ஆடியது பெரும்பாலும் இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு. இன்று அந்த ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் உலகத்தில் எங்கே கால்பந்து ஆடினாலும், கோல்கீப்பர் பெனால்டி எல்லைக்கு வெளியே பந்தைக் கையால் தொட்டால் நடுவர் ஊதுகிறாரே, அந்த விதிக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தம் உண்டு.

ரூஸ் பிறந்தது 1877 நவம்பரில், ரெக்ஸம் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹோல்ட் என்ற சிற்றூரில். தகப்பனார் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். பையன் அபெரிஸ்ட்வித் நகரில் கல்லூரிக்குப் போனார். அங்கே படிப்பை விடக் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றதுதான் அதிகம் பேசப்பட்டது. 1900-ல் அபெரிஸ்ட்வித் அணி வேல்ஸ் கோப்பையை வென்றபோது கோல்கீப்பர் அவர்தான். பிறகு வைத்தியம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். முடித்தாரா என்றால், இல்லை. ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் அவரை 'டாக்டர் ரூஸ்' என்றே எழுதினார்கள். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோதே காகிதங்களில் அவர் பெயருக்கு முன்னால் இல்லாத ஒன்று ஒட்டிக்கொண்டது.

ஆடிய கிளப்புகளின் பட்டியல் நீளமானது. ஸ்டோக், எவர்ட்டன், மறுபடி ஸ்டோக், சண்டர்லாண்ட், ஹடர்ஸ்பீல்டு, ஆஸ்டன் வில்லா, வூல்விச் ஆர்சனல். வேல்ஸ் நாட்டுக்காக 1900 முதல் 1911 வரை 24 ஆட்டங்கள். 1907-ல் வேல்ஸ் முதல் முறையாக நான்கு நாடுகளின் போட்டியில் முதலிடம் பிடித்தது. வலது ஓரத்தில் பில்லி மெரிடித், கோலில் ரூஸ் இருந்த காலம் அது.

அந்தக் காலத்துக் கோல்கீப்பர் வேலை இன்றைய வேலை அல்ல. எதிரணி ஆட்டக்காரர் தோளால் இடித்துக் கோல்கீப்பரைப் பந்தோடு வலைக்குள் தள்ளலாம், அதுவும் கோல்தான். ஆகையால் பல கோல்கீப்பர்கள் கோட்டை விட்டு நகரமாட்டார்கள். பந்து வந்தால் குத்தி வெளியே அனுப்பிவிட்டு உயிர் தப்புவார்கள். ரூஸ் ஆறடிக்கு மேல் உயரம், கட்டுமஸ்தான உடம்பு. இடிக்க வந்தவர்தான் பெரும்பாலும் விழுவார்.

இன்னொரு விஷயம். கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம் என்பது அன்றைய விதி. ஆனால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டடிக்கு மேல் நடக்கக் கூடாது. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால் நடுவே ஒரு சந்து தெரியும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடினால் அது 'பிடித்துக்கொண்டு நடப்பது' ஆகாது. ரூஸ் அந்தச் சந்தில் புகுந்தார். கூடைப்பந்து ஆடுகிறவர் போலத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடி, அங்கிருந்து முன்வரிசை ஆட்டக்காரருக்கு எறிவார் அல்லது உதைப்பார். எதிரணியின் பாதிப் பேர் அப்போது தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். 1912-ல் விதியை மாற்றினார்கள். இனி பெனால்டி எல்லைக்குள் மட்டுமே கை. ரூஸ் ஒருவருக்காகவே மாற்றினார்கள் என்று சொன்னால் மிகை. அப்படி ஓடிய வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் எல்லோரையும் விட அதிகம் ஓடியவரும், கூட்டத்துக்கு அதைக் காட்டி மகிழ்வித்தவரும் அவர்தான்.

அரசு ஊழியனாக 36 வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி ருசி. விதிப் புத்தகத்தை நுணுக்கமாகப் படிக்கிறவன் விதியை மீறுவதில்லை. விதியே மாறும்படி செய்துவிடுகிறான். எங்கள் அலுவலகத்திலும் பயணப்படி விதிகளை அப்படிப் படித்தவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடமே ஒரு திருத்த ஆணை வந்துவிடும்.

பயணப்படி என்றதும் ரூஸின் செலவுப் பட்டியல் நினைவுக்கு வருகிறது. அவர் அமெச்சூர். அதாவது, சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான். சம்பளத்துக்கு ஆடியவர்களுக்கு 1901-லிருந்து வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று உச்சவரம்பு கட்டியிருந்தார்கள். கனவானுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் 'செலவு' கொடுக்கலாம். செலவுக்கு வரம்பு? அதைத்தான் கேட்கக் கூடாது. ஒரு முறை ரயிலைத் தவறவிட்ட ரூஸ், தனக்கென்று ஒரு சிறப்பு ரயிலையே ஏற்பாடு செய்துகொண்டு ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, பில்லைக் கிளப்புக்கு அனுப்பினாராம். கணக்குக் கேட்டபோது, குளிருக்குக் கையுறை இவ்வளவு, எதிரணியை விரட்டத் துப்பாக்கி இவ்வளவு, கழிப்பறைக்குப் போன வகையில் இவ்வளவு என்று காசுக் கணக்காக எழுதிக் கொடுத்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். என் மேசைக்கு அந்தப் பில் வந்திருந்தால் நான் சிரித்துவிட்டு 'ரசீது இணைக்கப்படவில்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

சிரிப்பைத் தாண்டி இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்து, குடும்பத்துக்காக ஆடியவனுக்கு 4 பவுண்டு. படித்த வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட எத்தனையோ மடங்கு, அதுவும் 'நான் காசுக்கு ஆடுவதில்லை' என்ற கௌரவத்தோடு. ரூஸை எனக்குப் பிடிக்கும். அதற்காக இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல மாட்டேன். அவர் அதை உருவாக்கவில்லை. நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். நினைவு கூர்கிறவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

குறும்புக்கும் குறைவில்லை. வேல்ஸ் அணியோடு பெல்பாஸ்ட் போனபோது கையில் பெரிய கட்டோடு வந்து இறங்கினார். விரல் முறிந்துவிட்டது, இருந்தாலும் ஆடிப் பார்க்கிறேன் என்றார். செய்தி ஊரெல்லாம் பரவியது. மறுநாள் மைதானத்தில் கட்டைக் கழற்றிவிட்டு, ஒரு காயமும் இல்லாத கையை ஆட்டிக் காட்டினார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் இருமடங்கு சத்தம் போட்டிருக்கும். 1910-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அதில் எதிரணிக்காரர் நல்ல கோல் ஒன்றை அடித்ததும் ஓடிப்போய் அவருக்கே கை குலுக்கினாராம். தன் உள்சட்டையைத் துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று நம்பியவர். அந்நாளைய பிரபல மேடைப் பாடகி மேரி லாய்டுடன் நெருக்கமாக இருந்து ஊர் வாயில் விழுந்தவர். நம் தமிழில் 'ரவுசு' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது இவருக்காகவே பிறந்தது போல இருக்கும். இந்தச் சொல்லுக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறேன்.

1910-ல் நியூகாசில் அணியோடு நடந்த ஆட்டத்தில் இடது மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு பழைய ரூஸ் திரும்பவில்லை. 1912 வாக்கில் பெரிய ஆட்டங்கள் முடிந்துவிட்டன. அந்த வருடமே விதியும் மாறியது. எனவே 'போர் அவர் ஆட்டத்தை முறித்தது' என்று எழுதுவது வசதியான பொய். ஆட்டத்தை முறித்தது முறிந்த கை. போர் பறித்தது அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய வாழ்க்கையை. ரூஸ் 1906-லேயே கோல்கீப்பர் கலையைப் பற்றி அருமையான கட்டுரை எழுதியவர். அறுபது வயதில் அந்த மனிதர் எப்படிப்பட்ட நினைவுக் குறிப்புகள் எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். என்னைப் போன்ற கிழவர்கள் வரிசையில் அவரும் ஒருவராக உட்கார்ந்து, பழைய கதைகளைக் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதியிருப்பார். போர் கொண்டுபோனது அதைத்தான்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் கால்பந்து நிற்கவில்லை. ரக்பிக்காரர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள், கால்பந்துக்காரர்கள் மட்டும் வெட்கமில்லாமல் ஆடுகிறார்கள் என்று ஏச்சு. பந்தயத்துக்கு வரும் கூட்டத்தையும் திட்டினார்கள். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரன் கிளப்போடு ஒப்பந்தத்தில் கட்டுண்டவன். அவன் நினைத்தாலும் உடனே போக முடியாது என்பதை யாரும் கேட்கவில்லை. 1914 டிசம்பரில் புல்ஹாம் நகர மண்டபத்தில் கூடி மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17-வது பட்டாலியனைத் தொடங்கினார்கள். அதற்கு 'கால்பந்து பட்டாலியன்' என்றே பெயர். 1915 ஏப்ரலில் கோப்பை இறுதி ஆட்டம் மான்செஸ்டரில் நடந்தது. பார்க்க வந்தவர்களில் அத்தனை பேர் ராணுவ உடுப்பில் இருந்ததால் அதற்குக் 'காக்கி இறுதி ஆட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அத்துடன் லீக் ஆட்டங்களும் நிறுத்தப்பட்டன.

இந்த விவாதத்தில் என் கட்சி ஆட்டக்காரர்கள் கட்சி. நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவன், அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சாகச் சொல்வது எந்த நாட்டிலும் நடக்கும். அவன் குறி வைப்பது எப்போதும் ஏழைகள் ரசிக்கும் விளையாட்டைத்தான். குதிரைப் பந்தயமும் அந்த நேரத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது. அதைத் திட்டிய குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

ரூஸை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. 1914-ல் அவருக்கு 36 வயது முடிந்து 37 நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தமும் இல்லை, கட்டாயமும் இல்லை. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்ததே 1916-ல்தான். அவர் ஆரம்பத்திலேயே ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். படித்து முடிக்காத வைத்தியம் அங்கே கொஞ்சம் உதவியிருக்கும். பிரான்சிலும் பிறகு கல்லிப்போலியிலும் பணி. கல்லிப்போலியோடு குடும்பத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார் என்று வீட்டார் பல வருடங்கள் நம்பியிருந்தார்கள்.

உண்மையில் அவர் உயிரோடு எகிப்துக்கு வந்து, பிறகு ராயல் பியூசிலியர்ஸ் படைப்பிரிவின் 9-வது பட்டாலியனில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்திருந்தார். பட்டமும் செல்வாக்கும் உள்ள வட்டத்தில் புழங்கியவர், அதிகாரி பதவிக்கு முயலாமல் காலாட்படையின் கடைசி வரிசையில் நின்றார். 1916 ஆகஸ்டில் சோம் போர்முனையில், பொஸியேர் அருகே, பதுங்குகுழியில் அவருடைய முதல் அனுபவமே ஜெர்மானியர்களின் தீயெறி கருவித் தாக்குதல். உடுப்பு கருகி, புகையில் மூச்சுத் திணறிய நிலையிலும் சிகிச்சைக்குப் போக மறுத்து, கை சோர்ந்து விழும் வரை கையெறி குண்டுகளை எறிந்துகொண்டே இருந்தார் என்று படைப்பிரிவின் குறிப்பு சொல்கிறது. பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டாராம். நடுக்கோட்டிலிருந்து பந்து எறிந்து பழகிய கை. அதற்காக ராணுவப் பதக்கம் கிடைத்தது. லான்ஸ் கார்ப்பொரல் ஆனார்.

1916 அக்டோபர் 7-ஆம் தேதி கெத்கூர் கிராமத்தருகே நடந்த தாக்குதலில் இறந்தார். 39-வது பிறந்த நாளுக்கு இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்கு என்றே தியெப்வால் என்ற இடத்தில் பிரம்மாண்டமான நினைவு வளைவு இருக்கிறது. 1932-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் எட்வின் லட்யென்ஸ். டெல்லியில் இந்தியா கேட் கட்டினாரே, அதே லட்யென்ஸ். சோம் பகுதியில் காணாமல் போன 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே போய் ரூஸ் என்று தேடினால் கிடைக்காது என்ற நிலை வெகுகாலம் இருந்தது. ராணுவக் காகிதங்களில் அவர் பெயர் வேறு எழுத்துக்கூட்டில் பதிவாகியிருந்தது. அதே எழுத்துக்கூட்டு பதக்கப் பதிவிலும் வந்தது. அங்கிருந்து கல்லுக்கும் போனது.

வித்தியாசம் ஓர் எழுத்துதான். சரியான பெயர் ஆங்கிலத்தில்: ஆர், ஓ, ஓ, எஸ், ஈ. கல்லில் இருந்தது: ஆர், ஓ, யு, எஸ், ஈ. முதலாவதைப் படித்தால் ரூஸ். இரண்டாவதை ஆங்கிலேயர் படித்தால் ரவுஸ். பார்த்தீர்களா, நம் 'ரவுசு' வந்து நிற்கிறது! தெரியாமலே ஒரு குமாஸ்தா அந்த மனிதருக்குப் பொருத்தமான பட்டப்பெயரைத் தமிழில் சூட்டிவிட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு 'ஓ யு' என்று இரண்டு எழுத்து சேர்ந்து வந்தால் வாயில் தானாக 'ஊ' என்றுதான் வரும். 'ஓ ஓ' என்று இருந்தால்தான் திகைப்போம். அதாவது, கல்லில் உள்ள பிழையான பெயரை ஒரு பிரெஞ்சுக்காரர் படித்தால் சரியாக 'ரூஸ்' என்று படிப்பார். அந்தக் கல் நிற்பதும் பிரெஞ்சு மண்ணில்தான். தேடி வந்த ஆங்கிலேயருக்குத்தான் அவர் அகப்படாமல் போனார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த 'ஓ யு' விவகாரம் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளில் ஆறுமுகமும் சுப்பராயனும் குப்புசாமியும் எல்லாம் 'ஓ யு' போட்டுத்தான் எழுதப்பட்டார்கள். 1954-க்குப் பிறகு வந்த ஆங்கிலக் காகிதங்களில் அதே ஆட்கள் வெறும் 'யு' ஆனார்கள். ஒரே மனிதருக்கு இரண்டு பெயர். உயிரோடு இருக்கும் வரை சமாளித்துவிடுவார். அவர் கண்ணை மூடிய பிறகு மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்து நிற்கும்போதுதான் அந்த ஓர் எழுத்து மலையாக எழும். 'இந்தப் பதிவேட்டில் உள்ளவரும் அந்தச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று ஓர் அலுவலகத்தில் ஒரு மூதாட்டியைக் கேட்டதை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டிருக்கிறேன். நாற்பது வருடம் அவருக்குச் சோறு போட்டவளிடம் கேட்ட கேள்வி அது. அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் கைப்பையின் தூசியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பணம் வர ஒன்பது மாதம் ஆனது.

அதனால்தான் சொல்கிறேன், எழுத்துப் பிழையைச் சின்ன விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 'ஆள் போய்விட்டார், பெயரில் ஓ இருந்தால் என்ன யு இருந்தால் என்ன?' என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

முதலாவது, பெயர் தவறினால் தொடர்பு அறுந்துவிடும். ரூஸ் விஷயத்தில் நடந்தது அதுதான். பதக்கம் வாங்கிய சிப்பாய் ரவுஸ் ஒருவர். ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய கோல்கீப்பர் ரூஸ் இன்னொருவர் என்று காகித உலகம் இருவராகப் பிரித்துவைத்தது. கால்பந்துக்காரர்களுக்கு அவர் போரில் என்ன செய்தார் என்று தெரியாது. ராணுவப் பதிவேட்டுக்கு இந்தச் சிப்பாய் நாட்டுக்காக 24 ஆட்டம் ஆடியவர் என்று தெரியாது. வீட்டாருக்கோ அவர் எங்கே எப்போது இறந்தார் என்பதே தெரியாது. மூன்று பக்கமும் துண்டு துண்டாகக் கிடந்ததை ஸ்பென்சர் விக்னஸ் என்ற பத்திரிகையாளர் தேடிச் சேர்த்து 2007-ல் ஒரு வாழ்க்கை வரலாறாக எழுதினார். இறந்து 90 வருடம் கழித்து! ஓர் எழுத்து சரியாக இருந்திருந்தால், தங்கையோ மருமகனோ ஒரு பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது, உடல் கிடைக்காதவனுக்கு அந்தப் பெயர்தான் கல்லறை. வேறு எதுவும் இல்லை. ரூஸ் அமெச்சூராக ஆடியதால் சண்டர்லாண்ட் கிளப் அவருக்காக நடத்த விரும்பிய நன்கொடை ஆட்டத்துக்கும் அனுமதி மறுத்தார்கள். பட்டம் முடிக்கவில்லை. மணம் செய்துகொள்ளவில்லை. ஆக, அரசாங்கம் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு பதக்கமும் ஐந்தெழுத்துப் பெயரும்தான். அதையாவது சரியாகக் கொடுத்திருக்கலாம்.

அந்தக் குமாஸ்தாவை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. வரிசையில் நூறு பேர் நிற்க, காதில் விழுந்ததை எழுதும் வேலை அது. ஆங்கிலத்தில் ரவுஸ் என்ற குடும்பப் பெயர் பரவலாக உண்டு, ரூஸ் அபூர்வம். பழகிய பெயரைத்தான் கை எழுதும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, 'சரிதானா ஐயா?' என்று கேட்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை யாரும் அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். குறை அவருடைய பேனாவில் பாதி, அவரை அப்படி ஓட்டிய அமைப்பில் பாதி. ஆனால் பிறகு வந்த மேசைகள் எல்லாம் அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் பார்த்து எழுதியதற்குச் சாக்கு இல்லை. பிழை பிறப்பது அவசரத்தில். அது கல்லில் ஏறுவதோ சோம்பலில். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

போர் நினைவிடங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தைப் பாராட்ட ஒரு காரணம் உண்டு. நூறு வருடம் ஆனாலும், தகுந்த சான்று காட்டினால் பெயரைத் திருத்த அவர்கள் தயாராக இருக்கிறார்கள். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கவும் செய்கிறார்கள். உயிரோடு வந்து நிற்கும் மூதாட்டிக்கு நம் அலுவலகங்கள் அந்தப் பொறுமையில் பாதியைக் காட்டினால் போதும் என்பேன்.

நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கிறது, 1938-ல் திறந்தது. ரூஸ் மாண்ட அதே போரில், பிரெஞ்சுக் கொடியின் கீழ் போய்த் திரும்பாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுப்பியது. ஜூலை 14 அன்று விளக்குப் போட்டிருக்கும்போது எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், தவறில்லை. கையில் பேரப்பிள்ளை இருந்தால் ஒரு நிமிடம் நின்று, அங்கே நினைவுகூரப்படுவது யார், எந்தப் போர், ஏன் போனார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். பெயரைப் பிரெஞ்சுக் கூட்டெழுத்தில் எங்கே பார்த்தாலும் அதை நம் உச்சரிப்பில் படித்துக் காட்டுங்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் ஆறுமுகமோ சுப்பராயனோ இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டைப் பார்த்தவுடன் தமிழ்ப் பெயரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அநேகமாக நாம்தான்.

வயதானவர்கள் படிக்கும் பக்கம் இது என்பதால் கடைசியாக ஒரு காரியம் சொல்கிறேன். இந்த வாரம் ஒரு மதிய நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்புங்கள். பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம். உங்கள் பெயரும் வீட்டுக்காரியின் பெயரும் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால், உங்களால் கையெழுத்துப் போட முடிகிற இப்போதே மனுப் போடுங்கள். 'எல்லாம் அவர்களுக்கே தெரியும்' என்று விட்டுவிடாதீர்கள். எவருக்கும் தெரியாது. எழுதியிருப்பதுதான் தெரியும்.